அடுக்கத்துக்கு எத்தனை எழுத்து?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. இன்னைக்கு சி மொழியைப் பத்திக் கொஞ்சம் புலம்பப் போறேன். புரோகிராம் எழுதாதவங்களும் ஓடிடாதீங்க, விஷயம் நம்ம பேரைப் பத்தினது.

பெரியகுளத்துலேர்ந்து கும்பக்கரை வழியா கொடைக்கானல் ஏறுற பாதையில இருக்குற அடுக்கம்தான் எங்க மாமா ஊர். காபிப் பொட்டலத்துல ஒட்டறதுக்கு முகவரிச் சீட்டு அடிச்சுக் கொடுடான்னு போன வருஷம் கேட்டார். 2004-ல் நான் சி-யில் எழுதின ஒரு முகவரி புரோகிராம் இருந்தது. தூசி தட்டி எடுத்து, அடிச்சுக் கொடுத்தேன். மறுநாள் போன்.

"ஏ மாப்ள, அடுக்கத்துக்கு வாலை வெட்டிட்டியேடா. கடைசியில ஏதோ கறுப்பா டைமண்டு மாதிரி நிக்குது."

புரோகிராமைத் திறந்து பார்த்தா காரணம் சின்னதுதான். 2004-ல் நான் திஸ்கியில எழுதிக்கிட்டிருந்தேன். திஸ்கியில 'டு' ஒரு பைட், 'க்' ஒரு பைட், 'ம்' ஒரு பைட். ஆக அடுக்கத்துக்கு 5 எழுத்து, 5 பைட். ஊர்ப் பேருக்கு 20 பைட் ஒதுக்கினது அப்போ தாராளம். ஒருங்குறிக்கு மாறினப்போ பழைய கோப்பை எல்லாம் ஐகான்வ் வச்சு மாத்தினேன் (லினக்ஸ்ல அதுக்கு திஸ்கி தெரியும், புண்ணியவான்கள்), ஆனா அந்த 20-ஐ மாத்தலை. யூடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒண்ணுக்கு 3 பைட். அ, ட, உகரக் கொக்கி, க, புள்ளி, க, ம, புள்ளி: மொத்தம் 8 குறி, 24 பைட். 20-ல் வெட்டினா ஆறு குறி முழுசா வரும், ஏழாவதுல 2 பைட் மட்டும் தொங்கும். அந்த அரை 'ம'தான் மாமா பார்த்த டைமண்டு.

சரி, முறைப்படி செய்வோம்னு அகல எழுத்துக்குப் போனேன். பல பைட் சரத்தை அகல எழுத்துச் சரமா மாத்தறதுக்கு சி-யிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கு, 1989 தரத்துலேர்ந்தே: எம்பிஎஸ்-டு-டபிள்யூசிஎஸ். ஒவ்வொரு 3 பைட்டையும் பிரிச்சு ஒரு குறிக்கு ஒரு கட்டம்னு அடுக்கிக் கொடுக்கும். கேக்க சுகமா இருக்குல்ல? நான் விழுந்த குழிகளைச் சொல்றேன், நீங்க விழாதீங்க.

முதல் குழி: செட்லோக்கேலைக் கூப்பிட மறந்தது. அது இல்லைன்னா புரோகிராம் வெறும் "சி" வட்டாரத்துல ஓடும், அங்க தமிழ் பைட் அதுக்குப் புரியாது. எனக்கு -1 வந்தது. திரும்பி வர்றது குறி இல்லாத எண், அதனால -1-ன்னா இருக்கறதுலயே பெரிய எண். நான் அதைச் சோதிக்காம, ஒண்ணு கூட்டி மாலக்கிட்ட இடம் கேட்டேன். ஒண்ணு கூட்டினா பூஜ்யம்! பூஜ்யம் பைட் வாங்கிட்டு அதுல எழுதப் போனா என்ன ஆகும்னு சொல்லணுமா :-)

ரெண்டாவது குழி: இடம் சரியா நிரம்பிடுச்சுன்னா இந்த ஃபங்ஷன் கடைசியில முடிவுக்குறி போடாது. நாமதான் போடணும்.

மூணாவது: கோப்பை 4096 பைட்டா துண்டு போட்டுப் படிச்சேன். 4096 மூணால வகுபடாது. முழுக்கத் தமிழா இருந்தா 1365 குறி போக ஒரு பைட் மிச்சம், அதாவது அடுத்த எழுத்தோட தலை மட்டும் இந்தத் துண்டுல, உடம்பு அடுத்ததுல. இதுக்குன்னு 1995 திருத்தத்துல வந்த எம்பிஆர்-டு-டபிள்யூசி "இன்னும் பைட் வேணும்"னு -2 கொடுத்து, பாதியை ஞாபகம் வச்சுக்கும். அதைத்தான் பயன்படுத்தணும்.

எல்லாம் சரி பண்ணி, ஊர்ப் பேருக்கு 10 அகல எழுத்துன்னு வச்சேன். கொடைக்கானலே ஆறு எழுத்துதானே, தாராளம்னு நினைப்பு. சீட்டு அடிச்சா "கொடைக்கானல"ன்னு வருது. ஏன்னா கொடைக்கானல் ஆறு எழுத்தானாலும் 11 குறி. பதினோராவது, புள்ளி. அது போச்சு.

இங்கதான் என் கருத்து. பைட்டை எண்ணி வெட்டினா டைமண்டு வரும், அசிங்கமா இருக்கும், ஆனா தப்புன்னு உடனே தெரியும். அகல எழுத்தை எண்ணி வெட்டினா தப்பு அழகா வரும்! 'ல்' 'ல' ஆயிடும், எந்த எச்சரிக்கையும் கிடையாது. இது முதலாவதை விட மோசம்னு நான் சொல்றேன். "வைட் கேரக்டருக்கு மாத்திட்டேன், தமிழ் சரியாயிடுச்சு"ன்னு சொல்ற நண்பர்களே, பாதி வழிதான் வந்திருக்கீங்க.

புள்ளிதானே, என்ன பெரிசுன்னு கேக்காதீங்க. மாமா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பாட்டிக்கு ஒரு அட்டையில பேரோட கடைசிப் புள்ளி இல்லாம வந்துடுச்சு. இன்னொரு அட்டையில புள்ளி இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க, அந்த வயசுல மூணு தடவை மலைப்பாதையில பஸ் ஏறி இறங்கினாங்க. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டுன்னு இலக்கணம் வச்சு எவ்வளவு காலமாச்சு! நம்ம கையில ஒரு கழித்தல் தப்பா போனா அது காணாம போயிடுது.

வழி இருக்கா? இருக்கு, கஷ்டமும் இல்லை. அகல எழுத்துக்கு மாத்தினப்புறம் இன்னொரு படி ஏறணும். தனியா நிக்காத குறிகள்னு தமிழ்ல கொஞ்சம்தான்: 11 உயிர்க்குறி, புள்ளி, ஔகாரத்தோட அந்தச் சிறகு. இதுல ஒண்ணு வந்தா முன்னாடி இருக்கறதோட ஒட்டு, புது எழுத்தா எண்ணாதே. பத்து வரி ஃபங்ஷன். இப்போ அடுக்கத்துக்கு 5, கொடைக்கானலுக்கு 6. க்ஷ, ஸ்ரீ ரெண்டையும் ஒரு எழுத்தா வைக்கணும்னா கூட ரெண்டு வரி.

ஒப்பிடறப்பவும் கவனம். 'கொ'வை ஒற்றை ஒகரக் குறியாவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனின்னும் எழுதலாம். பார்வைக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற. முதல்ல ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டு ஒப்பிடுங்க. வரிசைப்படுத்தறதும் அப்படித்தான், குறி எண்ணை நம்பினா 'ன' 'ந'வுக்கு அடுத்து வந்து நிக்கும்.

"இதுக்குத்தான் ஒரு எழுத்துக்கு ஒரு எண்ணுன்னு டேஸ்-16 வேணும்னோம்"னு சிலர் கிளம்புவீங்க. 2010-ல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாவும் டேஸ்-16-ஐ மாற்றாவும் ஏத்துக்கிட்டது உண்மை. எண்ணுறதுக்கு அது வசதிங்கறதும் உண்மை. ஆனா அது தனிப்பயன் இடத்துல உக்காந்திருக்கு, வெளியில இருக்குற மென்பொருளுக்கு அது தமிழ்னே தெரியாது. அதுக்காகக் காத்திருக்கறதை விட நான் பத்து வரி எழுதிடுவேன்.

இன்னொண்ணு, விண்டோஸ்ல அகல எழுத்து 2 பைட், லினக்ஸ்ல 4. தமிழுக்கு ரெண்டே போதும்னு இருந்தோம். 2019-ல் ஒருங்குறி 12-ல் முந்திரி (1/320) மாதிரி பின்னக் குறிகள் அந்த எல்லைக்கு வெளியே சேர்ந்தாச்சு. விண்டோஸ்ல அதுக்கு ரெண்டு கட்டம் வேணும்.

முழுசா காப்பி பண்ண, சேமிக்க, யூடிஎஃப்-8 அப்படியே இருக்கட்டும், மாத்தவே வேண்டாம். வெட்டணும், எண்ணணும், வரிசைப்படுத்தணும்னா மட்டும் மாத்துங்க, மாத்தினா எழுத்து வரைக்கும் போங்க. உங்க புரோகிராமைச் சோதிக்க "ஹலோ வேர்ல்டு" வேண்டாம், உங்க ஊர்ப் பேரையே கொடுத்துப் பாருங்க.

மாமாவுக்குப் புதுச் சீட்டு போயாச்சு. "புள்ளி வந்துருச்சு மாப்ள"ன்னார். இதுக்கு மேல என்ன சான்றிதழ் வேணும்?

டிஸ்கி: உங்க ஊர்ப் பேர் எத்தனை எழுத்து, எத்தனை குறி, எத்தனை பைட்? பின்னூட்டத்துல போடுங்க. மூணும் ஒண்ணா வர்ற ஊர் இருந்தா சொல்லுங்க, அது தமிழ்ல எழுதின பேரா இருக்காது :-)