கொழுந்து கொடுத்தவருக்கும் ஒரு கோப்பை

திராட்சை மது வடிக்கும் ஸ்தாபனங்கள், வாங்க வருகிறவர்களை உள்ளே அழைத்து, ஒவ்வொரு வகையிலும் இரண்டு மிடறு கொடுத்து ருசி பார்க்கச் செய்வதற்கென்று தனி அறைகளை வைத்திருக்கும் வழக்கம், பிரான்ஸிலும் கலிபோர்னியாவிலும் வேரூன்றிய பிறகு, 2005-ஆம் ஆண்டில் சூலா திராட்சைத் தோட்டத்தின் மூலமாக நம் நாட்டு நாசிக்குக்கும் வந்து சேர்ந்தது. மதுவைச் சிபாரிசு செய்வது என் நோக்கமன்று. அந்த அறைகளில் ஒரு நல்ல காரியமும் ஒரு வியாபாரத் தந்திரமும் பின்னிக் கிடக்கின்றன என்பதையும், நல்ல காரியத்தை விட்டுவிட்டுத் தந்திரத்தை மாத்திரம் நமது நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகள் சில சுவீகரித்துக்கொண்டன என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நல்ல காரியம் என்பது பேதம் அறிதல். 1976-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி, பாரிஸ் நகரில் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளை மறைத்துவிட்டு, தேர்ந்த பிரெஞ்சு ரசிகர்களின் முன் மதுக் கிண்ணங்களை வைத்துப் பரீட்சிக்கச் சொன்னபோது, வெண்மது, செம்மது இரண்டிலும் முதலிடம் பெற்றவை அவர்கள் அதுவரை பொருட்படுத்தாத கலிபோர்னியாவின் சரக்குகள். பெயரை மறைத்தால் நாக்கு நியாயம் பேசும்.

அத்தகைய நியாய ஸ்தலம் நம் மலையிலேயே இருக்கிறது. 1963 முதல் தேயிலை ஏலம் நடந்துவரும் குன்னூரில், தரகர்களின் அறைகளில் வெள்ளைப் பீங்கான் குவளைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே எடைத் தூளும் ஒரே அளவு கொதிநீரும் இட்டு, கடிகாரம் பார்த்து வடித்தெடுக்கிறார்கள். இதற்கென 1980-இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதி, நூறு மில்லிலிட்டருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிஷம் என்கிறது. குடிப்பதற்கு அது இனிய தேநீர் ஆகாது. ஆனால் சரக்கின் குற்றம் குறை எதுவும் அதில் ஒளிந்துகொள்ள இயலாது. சுவை பார்ப்பவர் உலர்ந்த தூளையும், வெந்த சக்கையையும், சாயத்தையும் தனித்தனியே கவனித்து, கரண்டியால் அள்ளிக் காற்றோடு சேர்த்து உறிஞ்சி, வாசனை மூக்குக்கு ஏறியதும் துப்பிவிடுகிறார். (உறிஞ்சிக் குடிக்காதே என்று குழந்தைகளை அதட்டும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த அறைக்குப் போனால் திகைத்துப் போவார்கள்.) பறித்த கொழுந்து முற்றியதா, மூட்டையில் இறுக்கிக் கட்டியதால் வழியிலே சூடேறியதா, உலர்த்தும் யந்திரத்தில் கருகியதா என்பதையெல்லாம் அந்த ஒரு மிடறு காட்டிக்கொடுத்துவிடும்.

தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிக்கோ, யந்திரங்களின் இரைச்சலைக் கடந்து வந்தவுடன், பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்த சிறு காகிதக் கோப்பை ஒன்று கையில் கொடுக்கப்படுகிறது; அடுத்த அடி எடுத்து வைத்தால் தூளும் சாக்லேட்டும் தைலமும் விற்கும் கடை. மலைக் குளிருக்கு அந்தப் பானம் இதமானதுதான், நானும் மறுக்காமல் குடித்திருக்கிறேன். ஆனால் ஏலக்காய்க்கு அடியில் எந்தத் தேயிலையை இட்டாலும் ஒன்றுதான். பனிக்காலத்துக் கொழுந்தின் நறுமணத்தையும் மழைக்காலத்துச் சாதாரணச் சரக்கையும் பால் கலவாமல், பெயர் சொல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், வந்தவர் ஐந்தே நிமிஷத்தில் வித்தியாசத்தைத் தாமே கண்டுகொள்வார். கண்டுகொண்டவர் நல்ல தூளுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்கமாட்டார்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. நீலகிரியில் பல்லாயிரக்கணக்கான சிறு விவசாயிகள் தங்கள் துண்டு நிலத்துப் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்து, ஏல விலையை ஒட்டி நிர்ணயமாகும் தொகையை வாங்கிக்கொண்டு, அது போதவில்லை என்று வருஷந்தோறும் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏல விலையில் பெரும்பங்கு அந்தக் கரண்டியின் தீர்ப்பிலே அடங்கியிருக்க, தீர்ப்புக்கு ஆளாகிறவர் மாத்திரம் விசாரணை நடக்கும் அறைக்குள் அழைக்கப்படுவதே இல்லை. இலை சரியில்லை என்று தொழிற்சாலை சொல்கிறது. எவ்வளவு நல்ல இலை கொடுத்தாலும் அதே விலைதானே என்று விவசாயி சொல்கிறார். இருவருக்கும் பொதுவான சாட்சியாகிய கோப்பையை நடுவில் வைப்பார் இல்லை. பறிக்க ஆள் கிடைக்காமையாலும் கூலி கட்டாமையாலும் கத்தரிகொண்டு வெட்டுகிறவருக்கு, இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று உபதேசம் செய்வது எளிது. அவர் வெட்டிய இலையின் சாயத்தையும் அண்டை வீட்டார் கையால் பறித்த இலையின் சாயத்தையும் அவர் முன் வைத்துவிட்டு, வித்தியாசத்துக்கு எத்தனை ரூபாய் என்று சொல்வதுதான் கடினம், அதைத்தான் செய்யவேண்டும்.

விவசாயிகளை உள்ளே விட்டால் விலைத் தகராறு வளரும் என்று தொழிற்சாலைக்காரர்கள் ஆட்சேபிக்கலாம். தகராறு இப்போதும் வெளியே வீதியில் நடக்கத்தானே செய்கிறது! சுவை பார்ப்பதனால் மாத்திரம் விலை உயர்ந்துவிடும் என்று நான் வாதிக்கவில்லை. உலகச் சந்தையின் போக்குக்கு எந்தக் கோப்பையும் மருந்தாகாது. எனினும், கூட்டுறவுத் தொழிற்சாலைகளிலாவது அங்கத்தினர்களாகிய விவசாயிகளே உடைமையாளர்கள் ஆகையால், அவர்கள் இலையால் ஆன தூளை மாதம் ஒருமுறை அவர்களுக்கே வடித்துக் காட்டுவதில் எவருக்கும் நஷ்டமில்லை. குன்னூரில் அலுவலகம் வைத்திருக்கும் தேயிலை வாரியம், ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஒரு சுவைஞரை அனுப்பி, வருகிற பனிக்காலத்திலேயே இதைத் தொடங்கிவைக்கவேண்டும்.