பளபளப்பு வேற, பழுதுபார்க்கிறது வேற

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து வருசமும் பழைய வண்டிகள்தான் கைமாறிக் கைமாறி ஓடின. நம்ம கொத்மலைப் பக்கம் ஓடும் ஒரு பழைய வானின் கதவைத் திறந்து பாருங்க. கதவின் அடிப்பக்க பிளாஸ்டிக்கில் செருப்புத் தேய்ந்த தடம், கியருக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் கீறல். நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்து உழைக்கிறவருக்கு அதைச் சரி செய்ய ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் ‘சரி செய்யிறது’ என்ற பேரில் பெரும்பாலும் நடப்பது ஒரே வேலை: சிலிக்கன் பொலிஷை அடித்து, துணியால் தேய்த்து, கண்ணாடி மாதிரி மின்ன விடுவது. அது வேண்டாம் என்கிறோம்.

காருக்குள்ளே இருக்கும் கறுப்பு, சாம்பல் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி பொலிபுரோப்பிலீன். அதன் மேல் சொரசொரப்பான ஒரு வடிவத்தை அச்சிலேயே போட்டிருப்பார்கள். அந்த இடம் கீறுப்பட்டால் வெளிச்சம் அங்கே சிதறும். அதுதான் நமக்கு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. பொலிஷ் அந்தக் கீறலுக்குள் எண்ணெயாக நிறைந்து கொஞ்ச நாளைக்கு மறைக்கும். பிறகு தூசி ஒட்டும், கோடும் திரும்பி வரும். சிலிக்கன் படிந்த இடத்தில் பின்னால் பெயின்ட் அடித்தாலும் சரியாகப் பிடிக்காது.

இதைவிடப் பெரிய பிரச்சினை டேஷ்போட். மின்னுகிற டேஷ்போட்டின் நிழல் முன் கண்ணாடியில் விழும். அதைக் குறைக்கத்தான் கம்பெனிக்காரன் மினுக்கம் இல்லாமல் செய்து தருகிறான். நாம காசு கொடுத்து மினுக்கத்தைத் திரும்ப வாங்குகிறோம். புசல்லாவையிலிருந்து றம்பொடைக்கு ஏறும்போது ஒரு வளைவில் பனிமூட்டம், அடுத்த வளைவில் நேருக்கு நேர் வெயில். 2025 மே 11இல் கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த விபத்தை இதோடு முடிச்சுப் போடவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ரோட்டில் சாரதியின் பார்வையைக் கொஞ்சமாவது மறைக்கிற எதையும் அழகு என்று சொல்ல எங்களால் முடியாது. ஸ்டியரிங்கிலும் பிரேக் பெடலிலும் பொலிஷ் படவே கூடாது. கையும் காலும் வழுக்கும்.

அப்போ என்ன செய்யலாம்? முதலில் சவர்க்காரத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து துடைங்க. நாம கீறல் என்று நினைப்பதில் பல, சப்பாத்து ரப்பர் ஒட்டிய கறைதான். போகாவிட்டால் மெலமைன் ஸ்பொஞ்சால் மெதுவாகத் தேய்க்கலாம். அது மெல்லிய அரத்தாள் மாதிரி. அழுத்தித் தேய்த்தால் அந்த இடமே வழுவழுத்துப்போகும். உண்மையான வெள்ளைக் கீறலுக்குச் சூடான காற்றடிக்கும் மெஷினை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துக் காட்டினால் கோடு மங்கும். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் செய்து பாருங்க. கூடினால் உருகி நெளியும். எயார் பேக் இருக்கிற மூடிப் பக்கம் சூடும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம். ஆழமாகக் கிழிந்ததற்குப் பெயின்ட் அடிப்பதானால் பிளாஸ்டிக்குக்கான பிரைமர் கட்டாயம். இல்லாவிட்டால் பொலிபுரோப்பிலீனில் உரிந்துவிடும். முடியாவிட்டால் விட்டுவிடலாம். கீறல் இருப்பதால் வண்டி ஓடாமல் போகாது.

“ஹயருக்குப் போற வண்டி மின்னினால்தானே ஆள் ஏறும்” என்பார்கள். ஏறுகிற ஆள் பார்ப்பது சுத்தத்தை. அழுக்கில்லாத, மினுக்கமில்லாத பிளாஸ்டிக் புதுசு மாதிரியே இருக்கும். புதுசாக வந்தபோதும் அது அப்படித்தானே இருந்தது!

விற்கிற இடத்தில்தான் பொலிஷ் பொய்யாக மாறுகிறது. லீசிங் போட்டு வான் எடுக்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறோம்: டேஷ்போட் மின்னுவதைப் பார்த்து மயங்காதீங்க. பெடல் ரப்பரைப் பாருங்க, ஸ்டியரிங் எவ்வளவு வழுவழுத்திருக்கு, சாரதி சீட்டின் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கு என்று பாருங்க. மீட்டரில் குறைந்த கிலோமீற்றரும் காலடியில் தேய்ந்த ரப்பரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், விலை பேச முன்னாடி நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிட்டுப் போங்க.