ஸ்டேஷனில் இலை போடுகிறார்கள்

பழைய ரயில் நிலையங்களை ஹோட்டலாக்குவது பற்றி நம் நண்பர்கள் சிலர் கொஞ்ச காலமாக மிகுந்த உருக்கத்துடன் பேசிவருகிறார்கள். இடித்துத் தள்ளுவதைவிட இது மேல் என்பது அவர்கள் கட்சி. கையில் உதாரணங்களும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் 1886-ல் கட்டிய கல் ஸ்டேஷன் 1970-ல் சாப்பாட்டு விடுதியாயிற்று. சாட்டனூகாவில் 1909-ல் திறந்த பெரிய நிலையம், ரயில் நின்றபிறகு, 1973-ல் தங்கும் விடுதியும் உணவுக்கூடமுமாக மறு அவதாரம் எடுத்தது. சிங்கப்பூரில் 2011-ல் ரயில் நின்றுபோன புக்கிட் தீமா நிலையம் 2022-ல் மறுபடி திறந்தபோது, அதன் பழைய ஊழியர் குடியிருப்பு காப்பிக்கடையாகியிருந்தது. நம் ரயில்வேயும் 2020-ல் அசன்சோலில், வயசு முடிந்த இரண்டு பெட்டிகளுக்குள் மேஜை நாற்காலி போட்டு வியாபாரம் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற பாதையில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஓடு வேய்ந்த ஒரு பழைய நிலையத்துக்கும் இந்த மோட்சம் கிட்டக்கூடாதா என்று கேட்கிறார்கள்.

கூடாது என்பது என் அபிப்பிராயம். கட்டடத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சாப்பாட்டின் மேல் நிச்சயமாக இல்லை. ரயில் இந்தப் பள்ளத்தாக்கில் எதைச் செய்தது, சாப்பாடு எதைச் செய்தது என்பதை இந்த நண்பர்கள் ஒரு நிமிஷங்கூட யோசித்துப் பார்க்கவில்லை என்பதுதான் கோபம்.

ரயில் மனிதர்களைக் கலந்தது. சித்தாந்தத்தால் அல்ல, மூன்றாம் வகுப்புப் பெஞ்சால். பத்தமடைப் பாய்க்கட்டும் வாழைத்தாரும் மூட்டை முடிச்சும் ஏறிய பெட்டியில், எந்தத் தெருக்காரன் பக்கத்தில் எந்தத் தெருக்காரன் உட்கார்ந்தான் என்று பார்க்க இடமில்லை. தோள் இடிக்காமல் பிரயாணம் கிடையாது. வெள்ளைக்காரனுக்கென்று தனிப்பெட்டி இருந்தது உண்மைதான். நமக்குள் நாம் விட்டிருந்த இடைவெளியை அந்தப் பெஞ்சு குறைத்தது என்பதும் உண்மை.

இறங்கிச் சாப்பிடப் போனதும் அந்த இடைவெளி திரும்பி வந்தது. தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் இருந்த சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்று பிரித்துவைத்திருந்தார்கள். ஒரே டிக்கட், ஒரே ரயில், இரண்டு பந்தி. பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் விடாமல் சண்டை போட்டு 1941-ல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. ரயில் கலந்ததை இலை பிரித்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம். இப்போது ரயிலை அப்புறப்படுத்திவிட்டு இலையை மட்டும் நிலைநிறுத்த வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பாரம்பரியம் என்று பெயரும் வைக்கிறார்கள்.

இது ரயில்வேக் கம்பெனி வெளியிலிருந்து கொண்டுவந்து போட்ட வழக்கமல்ல. இதே பாதையில் சேரன்மாதேவி என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. அந்த ஊரில்தான் வ.வே.சு. ஐயரின் குருகுலம் இருந்தது. காங்கிரஸ் பணமும் பொதுஜனங்களின் பணமும் வாங்கி நடந்த தேசியப் பள்ளி. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்பினார்கள், காந்தி வரை பஞ்சாயத்து போயிற்று. 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாசமே பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் மாண்டார். அவ்வருஷக் கடைசியில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் காரணமாகப் பெரியார் காங்கிரஸை விட்டபோது, குருகுலத்தின் கசப்பும் கூடவே போயிற்று. தமிழ்நாட்டு அரசியல் இரண்டாக உடைந்த இடங்களில் ஒன்று இந்த ஆற்றங்கரைப் பந்தி. கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர், தமிழில் சிறுகதையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர், அந்தப் பந்தியைத் தாண்ட முடியவில்லை.

பாதையின் அந்த முனை செங்கோட்டை. வாஞ்சிநாதனின் ஊர். ஐயரிடம் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவன். 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் முதல் வகுப்புப் பெட்டியில் இருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். ஸ்டேஷனுக்கு இன்று அவன் பெயர். அவன் பையில் இருந்த கடிதத்தை நாம் மேற்கோள் காட்டுவதுண்டு, முழுக்கப் படிப்பதில்லை. அதில் ஐந்தாம் ஜார்ஜின் மீது அவன் சாட்டும் குற்றங்களில் ஒன்று, மன்னர் எந்த மாமிசம் தின்கிறவர் என்பது. உயிரைக் கொடுக்கத் துணிந்தவன்கூட எதிரியின் தட்டை எட்டிப் பார்த்திருக்கிறான். தியாகத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. இந்த மண்ணில் ரயில் நிலையமும் சாப்பாடும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

ஆகவே, ஸ்டேஷனில் ஹோட்டல் வைப்பவன் சும்மா ஓரிடத்தில் ஹோட்டல் வைக்கவில்லை. ஒரு வழக்கு நடந்த கோர்ட்டில் வைக்கிறான். வழக்கின் கட்டுகளைச் சுருட்டி அடுப்பில் போட்டுவிட்டு, சுவரில் என்ஜின் படம் மாட்டுகிறான். மெனு கார்டை டிக்கட் மாதிரி அச்சடிக்கிறான். மணியடித்தால் தோசை வருகிறது.

பழசு பிழைத்திருக்க வருமானம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் எது பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டேஷன் பெஞ்சில் பிளாட்பார டிக்கட்டோடு, பல சமயம் அதுவுமில்லாமல், எவனும் உட்காரலாம். வேப்பமர நிழலுக்கு விலையில்லை. வண்டி தவறியவன் கட்டுச்சோற்றை அவிழ்த்தால் யாரும் எழுப்புவதில்லை. ஹோட்டலில் ஆர்டர் கொடுக்காதவனுக்கு நாற்காலி கிடையாது. 1941-க்கு முன் வாசலில் ஜாதி கேட்டார்கள். இனி வாசலில் பர்ஸைப் பார்ப்பார்கள். சுவர் பிழைக்கும். அந்தச் சுவருக்குள் இருந்த ஒரே நல்ல விஷயம் செத்துப்போகும்.

இதைச் சிறுபத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. இந்தச் சமையல் நம் எழுத்திலும் நடக்கிறது. திருநெல்வேலியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் மீட்டர் கேஜ் வண்டியின் புகை, அல்வா, படித்துறை, தாத்தாவின் விபூதிச் சம்புடம் என்று சாமான்கள் தயாராக இருக்கின்றன. தாளித்தால் வாசனை வந்துவிடுகிறது. 2012-ல் தென்காசிப் பாதை அகலமானபின் இந்த வாசனை இன்னும் தூக்கல். அந்தப் படித்துறையில் யார் எந்தப் படியில் குளித்தார்கள் என்ற கேள்வி மட்டும் கதைக்குள் நுழைவதில்லை. இந்த ஊர்க்காரரான புதுமைப்பித்தன் கடவுளையே ஹோட்டலுக்குக் கூட்டிப்போய்க் காப்பி குடிக்க வைத்தார். அங்கேயும் பில் யார் தலையில் என்ற விவகாரத்தை விடவில்லை. பில்லை மறந்த ரசனைக்குப் பெயர்தான் ஏக்கம்.

நிலையத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் முதலில் அங்கே பாசஞ்சர் வண்டி நிற்கிறதா என்று கேட்கட்டும். குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா, பெஞ்சு இருக்கிறதா என்று பார்க்கட்டும். அதற்குப் பிறகும் சாப்பாடு போட்டே தீரவேண்டுமென்றால் போடட்டும். ஆனால் என்ஜின் படத்துக்குப் பதில், இங்கே ரயில்வேயில் 1941 வரை இரண்டு பந்தி நடந்தது என்று வாசலில் எழுதிவைக்கட்டும். அதைப் படித்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிறவனோடு எனக்குத் தகராறில்லை. பக்கத்து நாற்காலியில் நானும் உட்காருவேன்.