மாமியாரை விட்டுக் காலண்டரைப் பார்த்த காமிரா

சென்ற வாரத் தபாலில் ஒரு சகோதரியிடமிருந்து கனமான உறை ஒன்று வந்தது. உள்ளே 36 போட்டோக்கள். கூடவே ஒரு கடிதம்.

"போன வருஷம் மாமனாருக்குச் சதாபிஷேகம் நடந்தது. பீரோவில் கிடந்த பழைய பிலிம் காமிராவை என் பிள்ளை எடுத்து வந்தான். தானாகவே போகஸ் செய்துகொள்ளுமாம்! மாமனாரும் மாமியாரும் மணையில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பாருங்கள். பின்னால் தொங்கும் காலண்டரின் தேதியைக்கூடப் படிக்க முடிகிறது. அவர்கள் முகம் மட்டும் பனிமூட்டம். அதற்கு மூன்றாம் மாதம் மாமியார் போய்விட்டார். வருகிற தையில் பெண்ணுக்குக் கல்யாணம். இந்தக் காமிராவை நம்பலாமா, தூக்கி எறிந்து விடலாமா?"

எறிந்து விடாதீர்கள், அம்மா! படங்கள் அத்தனையையும் மேஜைமேல் பரப்பிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் நடுவில் இருக்கும் படங்கள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த படங்கள்தான் கெட்டிருக்கின்றன. பழுதான காமிரா இப்படி ஆள் பார்த்துப் பழுதாகுமா?

விஷயம் இதுதான். இந்தக் காலத்துக் கைப்பேசி முகத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். அந்தக் காலத்துப் பிலிம் காமிராவுக்கு மாமியாரும் தெரியாது, மாமனாரும் தெரியாது. பார்வை ஜன்னலின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதே, அதற்குள் எது விழுகிறதோ அதன் தூரத்தை மட்டும் அளக்கும். தம்பதிகளுக்கு இடையே இருந்த ஒரு சாண் இடைவெளியில் சுவர் தெரிந்தது. காமிரா சுவரை அளந்துவிட்டது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது!

தானாகப் போகஸ் செய்யும் காமிரா 1977-ல் கோனிகா சி35 ஏஎப் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1979-ல் வந்த கானன் ஏஎப்35எம் கண்ணுக்குத் தெரியாத இன்பிராரெட் ஒளியை வீசி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணித்தது. அதன் பிறகு வந்த கையடக்கக் காமிராக்களில் பலவும் இந்த வழிதான். லென்ஸுக்கு அருகே சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் தெரிந்தால் உங்களுடையதும் அந்த ஜாதி என்று நினைக்கலாம்.

ஆகவே முதல் வைத்தியம், அந்த ஜன்னல்களைத் துடைப்பது. விசேஷ வீட்டில் சந்தனமும் எண்ணெயும் பட்ட கையோடுதானே காமிராவைத் தொடுகிறோம்? மெல்லிய உலர்ந்த துணியால் ஒற்றித் துடையுங்கள். எடுக்கும்போது விரல் அவற்றை மறைக்காமல் இருக்கட்டும்.

இரண்டாவது, பித்தானை ஒரே அழுத்தாக அழுத்தாதீர்கள். நடுக்கட்டத்தை மாமியாரின் முகத்தில் வைத்துப் பாதி அழுத்துங்கள். பல காமிராக்களில் பச்சை விளக்கு நிலையாக எரியும். விரலை எடுக்காமல், காமிராவைத் திருப்பி இருவரையும் சரியாக அமைத்துக்கொண்டு, மீதிப் பாதியை அழுத்துங்கள். நடுவில் நீங்கள் முன்னும் பின்னும் நகரக் கூடாது. நகர்ந்தால் அளந்த தூரம் வீண். விளக்கு மினுக்கினால், மிகவும் கிட்டே போய்விட்டீர்கள் என்றோ, காமிராவுக்குப் பிடி கிடைக்கவில்லை என்றோ அர்த்தம். ஓரடி பின்னால் வாருங்கள்.

மூன்றாவது, அதற்குச் சில வீக்னெஸ்கள் உண்டு. கன்னங்கரேலென்ற கூந்தல் ஒளியை விழுங்கிவிடும். எரிகிற குத்துவிளக்கும் பளபளக்கும் வெள்ளிப் பாத்திரமும் அதை ஏமாற்றும். ரயில் ஜன்னல் கண்ணாடி வழியாக மலையை எடுத்தால், மலையை விட்டுக் கண்ணாடியை அளந்துவிடும். மலைப் படம் போட்ட பித்தான் இருந்தால் அப்போது அதை உபயோகியுங்கள். மற்றச் சமயங்களில், அதே தூரத்தில் இருக்கும் வேறு பொருளைப் பார்த்துப் பாதி அழுத்திக்கொள்ளலாம்.

1985-ல் வந்த மினோல்டா 7000 போன்ற, லென்ஸைக் கழற்றி மாட்டும் பெரிய காமிரா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவை லென்ஸ் வழியாக வரும் உருவத்தையே பார்த்துப் போகஸ் செய்பவை. வெறும் வெள்ளைச் சுவரைக் காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். வேஷ்டியின் கரை, புடவையின் பூ என்று ஏதாவது வித்தியாசம் தெரியும் இடத்தைக் காட்டுங்கள். ஆரம்ப காலத்துக் காமிராக்களுக்குக் குறுக்குக் கோடுகள் பிடிபடாது. காமிராவைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பிடிபட்டுவிடும். லென்ஸ் அசையவே இல்லையா? பக்கத்திலுள்ள ஸ்விட்ச் கைப்போகஸுக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புதுப் பாட்டரி போடுங்கள்.

கல்யாணத்துக்கு முன் ஒரு பரீட்சையும் வைத்துவிடுங்கள். மூன்று நாற்காலிகளில் தினசரித்தாளை ஒட்டி, ஐந்தடி, எட்டடி, பன்னிரண்டடி தூரத்தில் ஒன்றையொன்று மறைக்காமல் போடுங்கள். நிழலான இடமாக இருக்கட்டும். நல்ல வெயிலில் மூன்றுமே தெளிவாக விழுந்து உண்மையை மறைத்துவிடும். காமிராவை ஸ்டூல்மேல் அசையாமல் வைத்து, நடு நாற்காலியைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து இரண்டு மூன்று படம் எடுங்கள். நெகடிவில் எண் இருக்கும். எந்த எண்ணில் என்ன செய்தீர்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கழுவி வந்ததும் நடுத்தாள் தெளிவாக இருந்தால் காமிராவுக்கு ஆயுசு கெட்டி. முன்தாளோ பின்தாளோ தெளிந்தால் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். மூன்றுமே மங்கினால் லென்ஸில் காளான் பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பீரோவில் அடைத்து வைத்த காமிராவுக்கு நம் ஊர் ஈரக்காற்றில் அது சகஜம்.

கடைசியாக, சகோதரி நேராகக் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பதிப் படத்தைத் தெளிவாக்க முடியாது. நெகடிவில் விழாத முகத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆனால் நீங்கள் அனுப்பிய கட்டில் 23-ஆம் படத்தைப் பார்த்தீர்களோ? சமையற்கட்டு வாசற்படியில் உங்கள் மாமியார் தனியாக உட்கார்ந்து, யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரிக்கிறார். மணை இல்லை, மாலை இல்லை. நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் காமிரா அவரை மட்டுமே பார்த்திருக்கிறது. மூக்குத்திகூட மின்னுகிறது.

அந்த நெகடிவைப் பெரிதாக்கி மாட்டுங்கள், அம்மா. தை மாதம் பெண் அதற்கு நமஸ்காரம் பண்ணிவிட்டு மணையில் உட்காரட்டும்.