ஹெக்கல்ஃபோன்: பதிலிகளால் மறையும் ஒரு மந்தரக் குரல்

இரட்டை நாணல் காற்றுக்கருவி என்றதும் நம் நினைவில் எழுவது நாகசுரத்தின் சீவாளி. கொறுக்கைத் தட்டையின் இரு இதழ்கள் அதிர்ந்து பிறக்கும் அந்தக் குரலுக்கு ஐரோப்பாவிலும் உறவினர் உண்டு. ஓபோவும் பஸூனும் பலர் அறிந்தவை. அவ்விரண்டிற்கும் இடையே, அதிகம் பேர் கேட்டிராத ஹெக்கல்ஃபோன் என்ற கருவி நிற்கிறது.

இன்று வீஸ்பாடன் நகரின் பகுதியாகிவிட்ட பீப்ரிக்கில், வில்ஹெல்ம் ஹெக்கலின் பட்டறை 1904இல் இதை அறிமுகப்படுத்தியது. ஓபோவைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது; ஏறத்தாழ நான்கு அடி நீளம்; அகன்ற துளை; அடியில் குமிழ் போன்ற வாய். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 'சலோமி' (1905), 'எலெக்ட்ரா' (1909) ஆகிய ஓபராக்களிலும் 'ஆல்ப்ஸ் சிம்ஃபனி'யிலும் (1915) இதற்கெனத் தனிப்பகுதி எழுதினார்.

இதுவரை செய்யப்பட்டவை ஏறத்தாழ 150 மட்டுமே என்பர். ஆகவே பல குழுக்கள் அவ்விடத்தில் பாஸ் ஓபோவை வைத்து நிரப்பிவிடுகின்றன. ஹிண்டெமித் 1928இல் வயோலா, ஹெக்கல்ஃபோன், பியானோ ஆகிய மூன்றுக்கும் எழுதிய ட்ரையோவிலோ, ஹெக்கல்ஃபோன் இல்லையேல் டெனர் சாக்ஸபோன் என்ற சலுகை படைப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஸ்வரம் மாறவில்லையே, பிறகென்ன என்பது பதிலியின் வாதம்.

நாம் அதை ஏற்பதற்கில்லை. கவிதையின் ஒரு சொல்லை நீக்கி, நிகண்டு காட்டும் வேறொரு சொல்லைப் பெய்தால் பொருள் எஞ்சும்; கவிதை எஞ்சாது. பாஸ் ஓபோவின் துளை குறுகியது, குரல் மெலிந்தது. ஸ்ட்ராஸ் வேண்டியது ஓபோவின் கூர்மையோடு சேர்ந்த கனத்தை.

கருவியும் கலைஞரும் எங்கும் கிடைப்பதில்லை என்பது மெய்தான். படைப்பு அரங்கேறாமல் கிடப்பதைவிடப் பதிலி மேல். ஆனால் பதிலி என்பதை நிகழ்ச்சிக் குறிப்பில் அறிவிக்கவேண்டும்; இயலும்போது கருவியை இரவலாகவேனும் தருவிக்கவேண்டும். பதிலியே வழக்கமானால் கருவிக்குத் தேவை இராது. தேவை இல்லையேல் கற்பார் இலர். கற்பார் இல்லையேல் அதற்குப் புதிதாய் எழுதுவாரும் இலர். அருகிப்போனதால் பதிலி வந்தது. பதிலி வந்ததால் மேலும் அருகுகிறது. இந்தச் சுழலை உடைக்கும் இடம் அரங்கமே. அரிய கருவி என்று வியப்பதோடு நில்லாமல், எழுதப்பட்ட இடத்தில் அதை ஒலிக்கச் செய்யுமாறு கேட்கும் உரிமை ரசிகர்களாகிய நமக்கு உண்டு.