விரலை அறியும் கண்ணாடி

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில், கைத்தொலைபேசியின்றிக் கடலுக்குச் செல்லும் வள்ளம் இன்று அரிது. காற்றின் நிலையைக் கேட்பதற்கும், மீன் விலையை விசாரிப்பதற்கும், வீட்டாருக்குச் செய்தி சொல்வதற்கும் அக்கருவியே துணை. ஆயின், கரையில் சொற்படி கேட்கும் கருவி கடலில் முரண்டு பிடிக்கின்றது. தொட்ட எண் விழுவதில்லை. தொடாத எண் விழுகின்றது. கருவி பழுதென்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது பழுதன்று. விரல் எது, இரைச்சல் எது என்று பிரித்தறிய இயலாது அது திண்டாடுகின்றது. அத்திண்டாட்டத்தின் காரணத்தையும் பரிகாரத்தையும் இவ்வாரம் ஆராய்வோம்.

தொடுதிரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத கடத்திக் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாக மீன்வலைபோற் பரந்துள்ளன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வோரிடத்திலும் சிறிதளவு மின்னேற்றம் தேங்கி நிற்கும். ஏற்றத்தைத் தேக்கும் இவ்வியல்பையே கொள்ளளவம் என்கிறோம். மனித உடலும் ஒரு கடத்தியாதலால், விரல் அண்மித்ததும் அவ்விடத்துக் கொள்ளளவம் சற்றே மாறுகின்றது. எவ்வளவு மாறுகின்றது? ஒரு பிக்கோபரட்டிலும் குறைவாகவே. ஒரு பரட்டை இலட்சம் கோடி கூறுகளாக்கினால், அவற்றுள் ஒரு கூறே பிக்கோபரட்டு!

1965ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மல்வேர்ண் நகரிலிருந்த அரச ராடர் நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் என்பார், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு உதவுமென இத்தகைய திரையை விவரித்தார். அறைக்குள் இயங்கவெனக் கருதப்பட்ட கருவி இன்று உப்புக் காற்றில் உழைக்கவேண்டியுள்ளது.

இத்துணை நுண்ணிய மாற்றத்தைக் கருவி எவ்வாறு இனங்காண்கின்றது? புத்தளம் களப்பில் நாட்டிய கம்பொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நீர்மட்டத்தை அளக்கவேண்டும். வற்றுப்பெருக்கினால் மட்டம் மெதுவாக ஏறி இறங்கும். சிற்றலைகள் ஓயாது துள்ளும். வள்ளமொன்று அருகே சென்றால் மட்டம் சட்டென உயரும். நாம் அறிய விரும்புவது வள்ளத்தை மட்டுமே. திரையிலும் இவ்வாறே வெப்பமும் ஈரமும் மெதுவாக மாறுவது வற்றுப்பெருக்கு, மின் இரைச்சல் சிற்றலை, விரல் வள்ளம். ஆதலின் கருவி, விரல் இல்லாத வேளையில் உள்ள அளவை அடிமட்டமாகக் கொண்டு, அது மெதுவாக மாறுந்தோறும் தானும் திருத்திக்கொள்கின்றது. அதற்கு மேலாகச் சட்டென எழும் மாற்றத்தையே தொடுகையென ஏற்கின்றது.

சிற்றலையை அடக்க வழி, பலமுறை அளந்து சராசரி காண்பதாகும். மாணவர்கள் இங்கு ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். ஒழுங்கற்ற இரைச்சலானது, அளவீடுகளின் எண்ணிக்கையினது வர்க்கமூலத்தின்படி குறையும். 16 முறை அளந்தால் இரைச்சல் நான்கிலொன்றாகும். அதனை எட்டிலொன்றாக்க 64 முறை அளக்கவேண்டும். திருத்தம் இருமடங்காக, காலம் நான்கு மடங்காகின்றது!

எல்லா இரைச்சலும் ஒழுங்கற்றதன்று. மலிவான சார்ஜர்களுள் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடப்படுகின்றது. அத்துடிப்பினாற் கருவி முழுவதும் மின்னியல் முறையில் அதிர்கின்றது. தொடாதிருக்கும்வரை திரைக்கு இது தெரிவதில்லை. விரல் பட்டவுடன் இரைச்சல் அவ்விடத்திலேயே புகுந்துவிடுகின்றது. அத்துடிப்பின் மீடிறனும் திரை அளக்கும் மீடிறனும் ஒன்றாகிவிட்டால், எத்தனை முறை அளந்தும் பயன் சிறிதே. ஆகவே நல்ல கருவிகள் இரைச்சலைக் கண்டதும் வேறொரு மீடிறனுக்குத் தாவி அளக்கின்றன.

இனி, நம் கரைக்கே உரிய இடையூற்றுக்கு வருவோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அந்நீர் மின்னை நன்கு கடத்தும். திரையிற் படிந்த உப்புநீர்ப் படலம் அயலிலுள்ள கோடுகளை இணைத்து, ஒரு விரலை அகன்றதொரு கறையாகக் காட்டுகின்றது. உலர்ந்தாலும் தொல்லை தீராது. கடலுப்பிலுள்ள மகனீசியம் குளோரைட்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் கசியும் என்பதைப் பாலாவி உப்பளத்தார் நன்கறிவர். நீரைப் பிரித்தறியக் கருவி இருவகையாக அளக்கின்றது: குறுக்குக் கோட்டுக்கும் நெடுக்குக் கோட்டுக்கும் இடையே ஒருமுறை, ஒவ்வொரு கோட்டுக்கும் நிலத்துக்கும் இடையே மற்றொருமுறை. தனித்த நீர்த்துளி முதலாவதில் தெளிவாகவும் இரண்டாவதில் மங்கலாகவும் தோன்றும். விரலோ இரண்டிலும் தோன்றும். இரண்டும் உடன்பட்டாலன்றி விரலென ஏற்பதில்லை. எனினும், திரை முழுவதும் உப்புநீர் பரவி, அதன்மேல் விரலும் பட்டால் இச்சோதனையும் தடுமாறும்.

ஆதலின் நாமும் சிறிது உதவவேண்டும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும், பின்னர் உலர்ந்த துணியாலும் திரையைத் துடையுங்கள். வெறுந்துணியால் மட்டும் துடைத்தால் உப்பு இடம் மாறுமேயன்றி நீங்காது. மின்னேற்றும்போது திரை தானாகத் துள்ளினால் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். முக்கியமாக, பணம் அனுப்புகையில் தொகையை மறுமுறை வாசித்த பின்னரே உறுதி செய்யுங்கள். ஒரு பொய்த்தொடுகை ஒரு பூச்சியத்தைக் கூட்டிவிடக்கூடும்.

கடலோடிகளுக்கு இன்னுமொரு சொல். பல கைத்தொலைபேசிகளில் பக்கப் பொத்தானை ஐந்து முறை விரைந்து அழுத்தினால் அவசர அழைப்புக்கு வழி திறக்கும். உங்கள் கருவியில் அவ்வசதி உண்டா என்பதைக் கரையிலிருக்கும்போதே பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள். பொத்தானுக்கு உப்புநீரும் ஒன்றே, உலர்கையும் ஒன்றே. தொலைபேசி அலை எட்டாத தூரத்திற்குச் செல்வோர் வானொலிக் கருவியையும் உடன்கொள்ளல் வேண்டும்.

கூர்மையாகக் கேட்பது மட்டும் செவியின் திறமையன்று. எதனைக் கேளாது விடவேண்டும் என்றறிவதும் திறமையே. தொடுதிரையைத் திருத்தும் கலை முழுவதும் இவ்வொரு கருத்தினுள் அடங்கும். அத்திறமைக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை உணர்ந்து, உயிர் தங்கியுள்ள இடத்தில் மற்றொரு வழியையும் கைக்கெட்டிய தூரத்தில் வைத்திருப்பது அறிவுடைமையாகும்.