ஆர்டர் கொடுப்போர் கடமை

கோயமுத்தூரில் பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி முதலிய பகுதிகளில் கடைசல் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. பஞ்சாலைகளுக்கும் பம்புகளுக்கும் உறுப்புக்கள் செய்து வளர்ந்த அத்தொழில், இன்று ஸி.என்.ஸி. லேத்துகளைக் கொண்டு, யார் எவ்வளவில் கேட்பினும் உலோக உறுப்புக்களைக் கடைந்து கொடுக்கிறது. ஆயினும், “அளவு சரியாயில்லை, சொன்ன நாளில் சரக்கு வரவில்லை” என்ற புகாரை நாம் அடிக்கடி கேட்கிறோம். குற்றம் முழுவதும் பட்டறைக்காரருடையதுதானா? ஆர்டர் கொடுப்பவரின் பங்கும் அதில் சிறிதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

ஸி.என்.ஸி. யந்திரம் தனக்குக் கொடுக்கப்பட்ட எண்களின்படி நடக்குமேயன்றி, ஆர்டர் கொடுத்தவர் மனத்திலுள்ளதை அறியாது. 25 மில்லிமீட்டர் துவாரம் வேண்டுமென்று மட்டும் எழுதினால் போதாது. சர்வதேச அளவுமுறைப்படி ‘எச் 7’ என்று குறித்தால், அத்துவாரம் 25-க்குக் குறையாமலும் 25.021-க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். அதனுள் சுழலும் தண்டுக்கு ‘ஜி 6’ என்று குறித்தால், அது 24.980-க்கும் 24.993-க்கும் இடைப்பட்டதாகும். இதை எழுதாமலிருந்துவிட்டு, பின்னர் தண்டு பொருந்தவில்லையென்று சினங்கொள்வது நியாயமா? மற்றொரு சாரார் எல்லாப் பாகங்களுக்கும் மைக்ரான் நுணுக்கம் கேட்கின்றனர். விலை ஏறியதும் பட்டறைக்காரரைப் பேராசைக்காரர் என்கின்றனர். நுணுக்கம் கூடக்கூட யந்திர நேரமும் சோதனையும் கழிவும் கூடும். ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் மட்டும் அதைக் கேட்பதே விவேகம்.

உலோகத்தையும் ரகம் சொல்லியே கேட்கவேண்டும். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்பது ஒரே பொருளன்று. கந்தகம் சேர்ந்த 303 ரகம் கடைவதற்கு எளிது. துருவைத் தடுப்பதில் 304 ரகத்துக்குத் தாழ்ந்தது. முலாம் விஷயமும் அப்படியே. 8 மைக்ரான் கனத்துக்குத் துத்தநாக முலாம் பூசினால் தண்டின் விட்டம் 16 மைக்ரான் பெருகிவிடும். குறித்த அளவு முலாமுக்கு முன்னதா பின்னதா என்று எழுதாவிடில், வீண் வழக்கே மிஞ்சும். ஆயிரம் உருப்படிகள் வேண்டுவோர் முதலில் ஒன்றைச் செய்வித்து, அளந்து பார்த்து, எழுத்து மூலம் சம்மதம் தருவது இருவருக்கும் க்ஷேமம்.

இவையனைத்தினும் பெரிய கடமை, பணத்தைக் காலத்தில் கொடுப்பது. சரக்கை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் அலைய வைப்பதைச் சிலர் வியாபார சாமர்த்தியமென்று கருதுகின்றனர். யந்திரக் கடனின் தவணையும் தொழிலாளியின் வாரக்கூலியும் அவர்களுக்காகக் காத்திருக்குமா? சிறு தொழில்களுக்கான 2006-ம் வருஷத்துச் சட்டப்படி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்பட்ட தவணை செல்லாது. எழுத்து மூலமான உடன்படிக்கை இல்லையேல் 15 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிஸர்வ் பாங்கி அறிவிக்கும் பாங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆக்ஷேபிக்காதவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும், அடுத்த ஆர்டர் போய்விடுமோவென்று அஞ்சிப் பட்டறைக்காரர் வாய்மூடியிருப்பது நம் தொழிலுலகுக்குப் பெருமை தருவதன்று.

சுதேசித் தொழில் தழைக்கவேண்டுமென்று மேடைகளில் முழங்குவது எளிது. அதில் மெய்யான பற்றுடையோர், தெளிவான வரைபடத்தைக் கொடுத்துக் குறித்த நாளில் பாக்கியைத் தீர்ப்பார்களாக! அதுவே தொழிலாளிக்கும் தேசத்துக்கும் செய்யும் உண்மையான தொண்டாகும்.